நாத்தனார் செடிக்கு நல்ல பட்டை

விலங்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவளை எல்லாரும் படக்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நாய், பூனை, முயல், கிளி, எப்போதாவது ஓர் ஆமை என்று வாய் பேசாத ஜீவன்களின் உள்பக்கத்தைப் பார்த்துப் பார்த்து, எதையும் வெளித்தோற்றத்தை வைத்து நம்பும் வழக்கம் அவளுக்கு அறவே விட்டுப்போயிருந்தது. தர்பூசணியைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பாவமாக இருக்கும்.

அவள் புருஷன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. வருஷக்கணக்காக அதை மிதித்து மிதித்து, வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும், யாராவது அவசரப்பட்டுப் பேசினால் அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். மனைவி பேசும்போது அந்தக் கால் மேலே எழும்புவதே அபூர்வம்.

இந்த இருவர் வீட்டில் ஓர் ஆர்க்கிட் செடி வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் நாத்தனார்.

நாத்தனார் என்றால் புருஷனின் அக்கா. உணவகங்களுக்குப் போய்ச் சுத்தம் பார்க்கும் அதிகாரி. யார் வீட்டுக்குப் போனாலும் அலமாரி மேல் விரலை வைத்து இழுத்துப் பார்க்கும் பழக்கம் உத்தியோகத்தோடு வந்ததா, பிறவியிலேயே இருந்ததா என்று குடும்பத்தில் இன்னும் முடிவாகவில்லை. கரப்பான்பூச்சிக்காக அவள் இழுத்து மூடிய ஓர் உணவகத்தில், கல்லா மேல் அந்த ஆர்க்கிட் நின்றுகொண்டிருந்தது. இரண்டே இலை. முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "இதுக்கு யாரு தண்ணி ஊத்துவாங்க?" என்று கேட்டாளாம். சட்டியைக் கையோடு எடுத்து வந்துவிட்டாள். அது அவள் வீட்டில் ஆறு இலைவரை தழைத்து, வெள்ளை வெள்ளையாகப் பட்டாம்பூச்சி மாதிரி பூத்தது. வருகிறவர்களிடமெல்லாம் பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல் அதைப் பற்றிச் சொன்னாள்.

ஒரு வருஷத்துக்கு வெளியூர் வேலை என்று உத்தரவு வந்தபோது செடியைத் தம்பி வீட்டில் விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து நாத்தனார் படக்காரம்மா கையில் நம்பி ஒரு கரண்டியைக்கூடக் கொடுத்ததில்லை. 'அவ கைக்கு ஒண்ணும் வெளங்காது' என்று பொதுவாக ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தாள். அந்தத் தீர்ப்பை மாற்ற இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் இல்லை. செடி போனால் தீர்ப்பு நிரந்தரம்.

"தண்ணி வாரம் ஒரு தடவ. வெயில் நேரா படக்கூடாது. அடிக்கடி தொடாத" என்றாள் நாத்தனார்.

"சரி அண்ணி."

"தொட்டா எனக்குத் தெரியும்."

"தொடல அண்ணி."

தொடாமல் இருந்ததுதான் வினையானது. ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் இலை ஒன்று துவண்டு கிடந்தது. படக்காரம்மா சட்டிக்குள் விரலை விட்டாள். பட்டைத் துண்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் குழைந்த சேறு மாதிரி ஏதோ நசநசத்தது. முகர்ந்தாள். மாதக்கணக்கில் அலசாத மீன் தொட்டி வாடை. செடியை மெல்லத் தூக்கினால் வேர்கள் சாயம் போன நூல் மாதிரி உருவிக்கொண்டு வந்தன.

மருத்துவமனைக்குப் பூனையைக் கொண்டுவரும் ஒரு நர்சரிக்காரரிடம் விசாரித்தாள். அவர் விளக்கினார்: இந்தச் செடிக்கு மண் ஆகாது, மரப்பட்டைத் துண்டுதான். வேருக்குத் தண்ணீரைவிடக் காற்று முக்கியம். பட்டைக்கும் ஆயுசு உண்டு. நாளானால் அது மட்கிச் சகதியாகி வேரின் மூச்சை அடைத்துவிடும்.

"எப்போ பட்டை மாத்தினீங்க?"

"நான் தொடவே இல்லைங்க."

"அதான்" என்றார் அவர். நல்ல பட்டை அவரிடமும் இல்லை. வேறு யாரிடம் கிடைக்கும் என்று கேட்டதற்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் பின்னால்தான் புரிந்தது.

அழுகிய வேரையெல்லாம் நறுக்கி எறிந்தபின் மிஞ்சியது கைவிரல் அளவுக்குக் கொஞ்சம். அதை ஈரத்துணி சுற்றிக் கண்ணாடிக் குவளையில் நிறுத்தினாள். நாத்தனார் திரும்பி வருவதற்குள் நல்ல பட்டையில் நட்டு, புது வேர் விட வைத்துவிட வேண்டும்.

இதில் பெரிய தொல்லை ஞாயிற்றுக்கிழமை. வாரம் தவறாமல் நாத்தனார் வீடியோவில் கூப்பிட்டுச் செடியைப் பார்ப்பாள். ஆகவே ஞாயிறு காலை பழைய சட்டியில் செய்தித்தாளைத் திணித்து, மேலே தேறிய நாலைந்து பட்டைத் துண்டைப் பரப்பி, செடியை அலங்கரித்து உட்காரவைப்பாள். எந்தக் கோணத்தில் எடுத்தால் எது தெரியாது என்பது அவள் தொழில். துவண்ட இலை சுவர்ப் பக்கம், நல்ல இலை கேமரா பக்கம்.

"டேய் தம்பி, ஃபோன அந்தப் பக்கமா திருப்பு."

"எந்தப் பக்கம்க்கா?"

"பின்னாடி."

"பின்னாடி சுவருக்கா."

"ஏன்டா கை இப்பிடி நடுங்குது? காலையில ஏதாவது சாப்பிட்டியா இல்லையா?"

அவர் கால் தரையை நன்றாக அழுத்திக்கொண்டிருந்தது.

பட்டை வேட்டை ஆரம்பமானது. முதலில் தோட்டச் சாமான் விற்கும் பெரிய கடை. அங்கே பட்டை செக்கச் செவேலென்று இருந்தது. தண்ணீரில் போட்டதும் தண்ணீரும் சிவந்தது, வாளியும் சிவந்தது, அவள் கையும் சிவந்தது. நடைபாதை ஓரம் அழகுக்குப் போடுகிற சாயப் பட்டை அது. மறுநாள் மருத்துவமனையில் அவள் கையைப் பார்த்துவிட்டு யாரோ, "எந்த நாய் கடிச்சுது?" என்று பதறினார்கள்.

அடுத்தது மர அறுவை மில். பட்டை மலையாகக் குவிந்து கிடந்தது. மேஸ்திரி, "அள்ளிட்டுப் போங்க, எங்களுக்கு இடைஞ்சல்தான்" என்றார். அவளுக்கு வாயெல்லாம் பல். வீட்டுக்கு வந்து பார்த்தால் அன்றைக்கு உரித்த பச்சைப் பட்டை. பிசின் ஒட்டியது. உள்பக்கம் வெள்ளை மரமும் சேர்ந்து வந்திருந்தது. அந்த வெள்ளை முதலில் அழுகும் என்று இதற்குள் படித்துத் தெரிந்துகொண்டிருந்தாள். வேகவைத்தால் பிசின் போகுமோ என்று பெரிய பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிட்டாள். வீடு முழுக்க வார்னிஷ் அடித்த வாசனை. புருஷன் வகுப்பு முடிந்து வந்து வாசலிலேயே நின்றார்.

"யாராவது பெயின்டர் வந்தாங்களா?"

"பட்டை வேகுதுங்க."

"சரி. நமக்கு?"

"நமக்கு வேற பாத்திரம் இல்லையே."

அன்று வெளியில் போய்ச் சாப்பிட்டார்கள். அந்தப் பாத்திரம் அதன் பிறகு எதைச் சமைத்தாலும் கொஞ்சம் மேஜை நாற்காலியின் ருசியைக் கொடுத்தது.

தேடித் தேடி அவளுக்குப் பட்டையில் ஞானம் பிறந்துவிட்டது. நகத்தால் அழுத்தினால் பதியக்கூடாது. முகர்ந்தால் காய்ந்த மரத்தின் மணம் வரலாம், புளித்த வாடை வரக்கூடாது. துண்டுகள் ஒரே அளவாக இருக்க வேண்டும். பெரிதும் சிறிதும் கலந்தால் சிறிது போய்ப் பெரிதின் இடுக்கை அடைத்துக்கொள்ளும், காற்றுக்கு வழி இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தூள் இருக்கக்கூடாது. நடைபாதையில் விழுந்து கிடக்கும் பட்டையைக் கண்டாலும் குனிந்து எடுத்து நகத்தை அழுத்திப் பார்ப்பாள். தெரிந்தவர்கள் எதிர்ச்சாரிக்குப் போனார்கள்.

கடைசியில் பூச்செடிக் கடை ஒன்றில் ஆர்க்கிட்டுக்கென்றே தைத்த பைகள் இருந்தன. மூன்று பை. மேலே சின்னக் கண்ணாடிக் காகிதச் சன்னல் வைத்து நல்ல துண்டுகளாகக் காட்டியிருந்தார்கள்.

"பிரிச்சுப் பாக்கலாமா?"

"பிரிச்சா உங்களுது" என்றான் கடைக்காரன்.

"அடியில தூளா இருந்தா?"

"எல்லாப் பையிலயும் அடின்னு ஒண்ணு இருக்கத்தாங்க செய்யும்."

"பிரிக்காம திருப்பிக் கொண்டுவந்தா?"

"தையல் அப்பிடியே இருந்தா எடுத்துக்குவேன்."

அந்த நொடியில் படக்காரம்மாவின் மூளையில் பளிச்சென்று ஒரு விளக்கு எரிந்தது. உலகத்தில் வேறு எவளுக்கும் எரிந்திருக்காது. மூன்று பையையும் தூக்கிக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போனாள்.

மதியச் சாப்பாட்டு நேரம். எக்ஸ்ரே அறையில் ஆள் இல்லை. முதல் பையை மேஜையில் படுக்கவைத்து, பூனைக்கு வைக்கிற அளவு வைத்துப் படம் எடுத்தாள். திரையில் பட்டைத் துண்டுகள் மங்கலாக, இடையிடையே கறுப்பாகக் காற்று, அடியில் அடர்த்தியாக வெள்ளை. மண்! ஒரு சாண் உயரத்துக்கு மண்ணும் தூளும்! சன்னல் வைத்த இடத்தில் மட்டும் நல்ல துண்டு. "அடப்பாவி" என்று அவள் திரையைப் பார்த்துச் சொன்னாள். மற்ற இரண்டு பையும் அதே கதை. மூன்றையும் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டாள். கோபத்தில் ஒன்றை மறந்துபோனாள். அந்த இயந்திரம், எடுக்கிற படத்தையெல்லாம் கடைசியாகப் பதிந்த நோயாளியின் பெயரில் டாக்டரின் திரைக்கு அனுப்பிவிடும்.

கடைசியாகப் பதிந்த நோயாளி, வயிறு உப்பிப் படுத்திருந்த ஒரு குண்டு நாய்.

அவள் கடையில் சண்டை போட்டுவிட்டுத் திரும்பியபோது டாக்டர் அறையில் அழுகைச் சத்தம். நாயின் எஜமானி, புடைத்த கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தாள்.

"வயிறு பூரா அடைச்சிருக்கும்மா. மரத்துண்டு மாதிரி தெரியுது. விலா எலும்புகூடத் தெரியாத அளவுக்கு அடைப்பு" என்று டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் திரையைப் பார்த்தார். "வீட்டுல எதையாவது கடிச்சுதா?"

"சோபா கால கடிச்சுது டாக்டர். ஒரு காலக் காணோம். நான் அவருதான் எங்கியோ கழட்டி வெச்சுட்டார்னு சண்ட போட்டேன்!"

"அடியில வெள்ளையா வேற இருக்கு. மண்ணும் தின்னிருக்கு. ஆபரேஷன்தான்."

படக்காரம்மா திரையை எட்டிப் பார்த்தாள். கதவருகே நின்றபடியே சொன்னாள்:

"டாக்டர், அது நாய் இல்ல."

"என்னது?"

"பை."

அறையில் நாய் ஒன்றுதான் சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார், செடி, சகதி, தைத்த பை. சொல்லச் சொல்ல, நாயின் எஜமானி அழுகையை நிறுத்திவிட்டு, "எனக்கும் ஒரு நாத்தனார் இருக்காங்க" என்றாள்.

டாக்டர் நிஜ நாயின் படத்தைத் தேடி எடுத்தார். வாயு. மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிய பின் படக்காரம்மாவை உட்காரச் சொல்லவில்லை.

"இந்த மேஜையில மூச்சு விடுற எதையும் படுக்கவெக்கலாம். மூச்சு விடாத எதையும் படுக்கவெக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுது டாக்டர்."

அவள் கதவு வரை போனதும் கூப்பிட்டார். பையின் படம் இன்னும் திரையில் இருந்தது.

"இதையா காசு குடுத்து வாங்கினே?"

"திருப்பிக் குடுத்துட்டேன் டாக்டர்."

"நல்லது. பாதிக்குப் பாதி மண்ணு."

அதன் பிறகு மருத்துவமனையில் யாரைப் பார்த்தாலும், "பைக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. அவள் கவலையெல்லாம் குவளையில் நின்ற செடி மேல் இருந்தது. இரண்டாவது இலையும் சுருங்க ஆரம்பித்திருந்தது.

பத்து நாள் போயிருக்கும். நறுவிசாக உடுத்திய ஒரு மனிதர் மூடி போட்ட பெட்டியோடு வந்தார். பாம்பு சாப்பிடமாட்டேன் என்கிறது, வயிற்றுக்குள் என்ன என்று பார்க்க வேண்டும். வளர்ப்பு மலைப்பாம்பு. அவர் மூடியைத் திறந்ததும் உதவிக்கு நின்ற பெண் ஓரடி பின்னால் போனாள். படக்காரம்மா முன்னால் போனாள். குனிந்தாள். கையை உள்ளே விட்டாள்.

"மேடம், பாத்து! பசியில இருக்கு!"

அவள் எடுத்தது பாம்பை இல்லை. பாம்புக்கு அடியில் கிடந்த ஒரு பட்டைத் துண்டை. நகத்தால் அழுத்தினாள், பதியவில்லை. தட்டினாள், தூள் உதிரவில்லை. முகர்ந்தாள், பாம்பு வாசனையைக் கழித்துவிட்டு மறுபடி முகர்ந்தாள். காய்ந்த மரம். பெட்டி முழுக்க, அச்சில் வார்த்த மாதிரி, ஒரே அளவுத் துண்டுகள்.

"இது எங்க வாங்கினீங்க?" என்று கேட்டாள்.

"பாம்பையா?"

"பாம்ப யாரு கேட்டா? பட்டையச் சொல்லுங்க!"

பாம்பு இதுவரை தன்னை இப்படி அலட்சியம் செய்தவர்களைக் கண்டதில்லை போலிருக்கிறது. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சுருண்டுகொண்டது.

அவர் சொன்ன கடை, செல்லப்பிராணிகளின் தீனியும் சாமானும் விற்பது. வெளியே பார்த்தால் மீன் தொட்டி, உள்ளே போனால் கூண்டுகள், இன்னும் உள்ளே போனால் அந்தப் பட்டைப் பைகள் அடுக்கியிருந்தன. கல்லாவில் பெரிய கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், படக்காரம்மாவைத் தலையிலிருந்து கால் வரை அளந்தாள்.

"பாம்பு வளக்கறீங்களா?"

"ஏங்க?"

"செடி வளக்கறவங்க வந்து மொத்தமா அள்ளிட்டுப் போயிடறாங்க. என் பாம்புக்காரங்களுக்கு இல்லாம போவுது. அதனால ஒரு பாம்புக்கு ஒரு பை. பாம்பு இல்லன்னா பை இல்ல."

படக்காரம்மா வாழ்க்கையில் பெரிய பொய் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை.

"இருக்கு. ஒண்ணு இருக்கு."

"வயசு?"

"அம்பத்தேழு."

கண்ணாடி அம்மாள் நிமிர்ந்தாள். "மாசமா?"

"ஆமா. மாசம், மாசம்."

"சாதுவா, கோவக்காரியா?"

அதற்கு அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "பாக்க அமைதியாத்தான் இருக்கும். இடம் சுத்தமா இல்லன்னா சீறும்."

"அது நல்ல குணம்தான். கையில எடுத்தா?"

"நான் எடுத்ததில்லைங்க. அவருக்குத்தான் பழக்கம். சின்ன வயசுலேருந்து கூடவே வளந்தாரு."

"சரியா சாப்பிடுதா?"

"எங்க வீட்டுக்கு வந்தா சாப்பிடாது. ஏதாவது கொற கண்டுபிடிச்சுட்டுப் போயிடும்."

"எடம் மாறினா அப்பிடித்தான், பயப்படாதீங்க" என்று அந்த அம்மாள் பரிவோடு சொல்லி ஒரு பையை எடுத்துக் கொடுத்தாள். கேட்காமலே தையலைப் பிரித்துக் காட்டவும் செய்தாள். மேலும் கீழும் நடுவும் ஒரே சீர்.

படக்காரம்மா பட்டையை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்தாள். தண்ணீர் இளந்தேநீர் நிறத்துக்கு வந்தது, கலங்கவில்லை. ஓட்டை நிறைய இருந்த சின்னச் சட்டியில், மிஞ்சிய வேரைச் சுற்றித் துண்டு துண்டாக, நோயாளிக்குத் தலையணை சொருகுவதுபோல் அடுக்கினாள். அப்புறம் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. தினமும் காலையில் எட்டிப் பார்ப்பாள். "எக்ஸ்ரே எடுத்துறவா?" என்று ஒருநாள் தனக்குள் கேட்டுக்கொண்டாள். அது மூச்சு விடுகிற ஜீவன்தான், டாக்டர் சொன்ன சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று வாதாடியும் பார்த்தாள். புருஷனின் கால் தரையை அழுத்தியதைப் பார்த்து விட்டுவிட்டாள்.

நாத்தனார் வந்த அன்று செடியில் இரண்டு இலை இருந்தது. முன்பு ஆறு. பூ இல்லை, மொட்டும் இல்லை. படக்காரம்மா அதை எந்தக் கோணத்திலும் திருப்பி வைக்காமல் மேஜை நடுவில் வைத்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. மறைத்து மறைத்து அலுத்துப்போயிருக்கலாம்.

நாத்தனார் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னடா இது, ஹோட்டல்லேருந்து எடுத்து வந்தப்ப இருந்த மாதிரி ரெண்டு எலையோட நிக்குது? ஞாயித்துக்கெழம நல்லாத்தானே இருந்துச்சு?"

தம்பி ஜன்னல் வழியே தெருவில் போன ஒரு வண்டியை மிகுந்த ஈடுபாட்டோடு கவனித்தார்.

"வேர் அழுகிப்போச்சு அண்ணி" என்றாள் படக்காரம்மா. "பட்டை மக்கிடுச்சு. நீங்க தொடாதேன்னீங்க, நானும் தொடல. தெரிஞ்சப்பறம் உங்ககிட்ட சொல்லப் பயந்துட்டு, ஃபோன்ல நல்ல பக்கமா காட்டினேன். பட்டையப் புதுசா மாத்தியிருக்கேன்."

நாத்தனார் பெட்டியை அப்படியே தரையில் விட்டாள். செடியின் கழுத்தைப் பிடித்து, சட்டியிலிருந்து அலாக்காகத் தூக்கினாள். அடியில், வெள்ளி நிறத்தில், நுனி மட்டும் பச்சையாக ஒரு புது வேர் பட்டைத் துண்டு ஒன்றைக் கட்டிப் பிடித்துத் தொங்கியது. பக்கத்தில் இன்னொன்று முளை விட்டிருந்தது.

நாத்தனார் அந்தத் துண்டை நகத்தால் அழுத்தினாள். முகர்ந்தாள். சட்டிக்குள் விரலை விட்டு இழுத்து, விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். தூள் இல்லை.

"இந்தத் தரம் எங்கயும் கெடைக்காது" என்றாள். "மூணு ஊர்ல அலைஞ்சிருக்கேன். எங்க புடிச்ச?"

"ஒரு கடை அண்ணி. பாம்புக்குப் போடறது."

"பாம்புக்கா?" நாத்தனார் பட்டைத் துண்டை இன்னொரு தடவை முகர்ந்தாள். செடியை அதன் இடத்தில் திரும்ப வைத்து, கலைந்த பட்டையைத் தானே அடுக்கினாள். "என் வீட்டுல இப்ப பக்கத்துக் கட்டடம் எழும்பி வெளிச்சமே இல்லாம பண்ணிட்டான். இது இங்கயே இருக்கட்டும். போன எடத்துல இன்னும் மூணு வாங்கினேன், கீழ வண்டியில இருக்கு. அதுங்களும் உன்கிட்டயே இருக்கட்டும். எல்லாத்துக்கும் இதே பட்டைய மாத்திடு."

பெட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு, கார் சாவியோடு அவளே படியிறங்கிப் போனாள். போகிற வழியில் அலமாரியைக் கடந்தாள். விரல் வைக்கவில்லை.

படக்காரம்மா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். மீதி இருந்த பட்டை அரைச் சட்டிக்கும் காணாது.

"ஒரு பாம்புக்கு ஒரு பைதானே குடுப்பாங்கன்ன?" என்றார் புருஷன். "மூணு சட்டிக்கு என்ன பண்ணுவ?"

கீழே கார்க் கதவு திறக்கும் சத்தமும், "டேய், கை குடுக்க வாடா!" என்ற குரலும் கேட்டன.

"முட்டை மூணு பொரிஞ்சிருக்குன்னு சொல்லிக்கறேன்" என்றாள் அவள். "நீங்க போய்ச் சட்டியப் பாத்துத் தூக்கிட்டு வாங்க. மெதுவா."